மூன்று தரம் சொன்ன பிறகு

அண்ணன் மகன் வேலூரிலிருந்து வந்திருந்தான். கண்ணமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே டீக்கடை பெஞ்சுக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனை நீட்டினான். திரையில் ஒரு கிராமபோன். எட்டுப் பட்டை போட்ட மரப்பெட்டி, அதன் மேல் பளபளவென்று பித்தளைப் பூ. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரின் ஏலக் கம்பெனி. படத்துக்குக் கீழே 'எஸ்டிமேட் 200 முதல் 400 டாலர் வரை' என்று போட்டிருந்தது.

"சித்தப்பா, 400-க்கே போனாலும் முப்பத்தி நாலாயிரம்தான் ஆவுது. மெட்ராஸ்ல கடைக்காரன் இதே மாதிரி பொட்டிக்கு அறுபது சொல்றான். எடுத்துடட்டுமா?"

டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துப் பெருக்கியிருக்கிறான். அந்தப் படத்தைப் பார்த்ததுமே எனக்கு ஒன்று உறுத்தியது. அதை உடனே சொல்லிவிட்டால் கணக்கைக் கேட்க மாட்டான், எழுந்து போய்விடுவான். கணக்கு அவனுக்கு எப்போதும் உதவும். அதனால் இரண்டு டீ சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த விதிமுறைகளைத் திறக்கச் சொன்னேன். விரலால் பெரிதாக்கிப் படித்தான். 'பையர்ஸ் பிரீமியம்' 25 சதவீதம். இணையம் வழியாகக் கேட்பவர்களுக்கு அதற்கு மேல் 5 சதவீதம்.

"இது இன்னா சித்தப்பா? வாங்குறவன் ஏன் கமிஷன் தரணும்? விக்கிறவன்தானே தரணும்?"

சரியான கேள்வி. இந்தக் கேள்வியை 50 வருடங்களுக்கு முன்னால் லண்டன் வியாபாரிகளே கோபமாகக் கேட்டார்கள்.

அவனுடைய தாத்தா, அதாவது என் அப்பா, மாடு பிடிக்கப் போனதை நினைவுபடுத்தினேன். சந்தையில் தரகர் இரண்டு பேர் கையையும் ஒரு துண்டுக்குள் இழுத்துக்கொள்வார். வெளியே யாருக்கும் தெரியாது. உள்ளே விரலைப் பிடித்தே விலை நடக்கும். படிந்ததும் விற்றவரிடமும் தரகு வாங்குவார், வாங்கியவரிடமும் வாங்குவார். அப்பா மாட்டு விலையை வீட்டில் சொல்லும்போது தரகையும், ஓட்டி வந்த ஆளின் கூலியையும், கயிற்று விலையையும் சேர்த்தேதான் சொல்வார். 'மாடு நம்ம கொட்டாய்ல வந்து நின்ன விலை' என்பார். ஏலப் பெட்டிக்கும் அந்த விலைதான் பார்க்க வேண்டும்.

பெரிய ஏலக் கம்பெனிகள் பல காலம் விற்கிறவரிடம் மட்டும்தான் கமிஷன் பிடித்தன. 1975-ல் லண்டனில் கிறிஸ்டீஸ், சாதபீஸ் இரண்டும் வாங்குபவரிடமும் 10 சதவீதம் பிடிக்க ஆரம்பித்தன. வியாபாரிகள் கொதித்தார்கள். ஆனாலும் அது நிலைத்துவிட்டது, உலகம் முழுக்கப் பரவியும்விட்டது. அந்த 10 வளர்ந்துகொண்டே வந்தது. சாதபீஸ் 2024 மே மாதம் அதை 20 ஆகக் குறைத்துப் பார்த்தது. ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2025 பிப்ரவரியில் 20 லட்சம் டாலர் வரையான பொருள்களுக்கு 27 சதவீதம் என்று ஏற்றிவிட்டது. அவை ஓவியமும் வைரமும் விற்கிற இடங்கள், நமக்குத் தேவையில்லை. ஆனால் கிராமபோன் விற்கிற சின்னக் கம்பெனிகளும் இதே வழியில்தான் நடக்கின்றன. கூடத்தில் நேரில் நின்று அட்டையைத் தூக்கினால் ஒரு சதவீதம், வீட்டில் உட்கார்ந்து செல்போனில் தட்டினால் அதைவிடக் கூடுதல். ஏலத்தைத் திரையில் காட்டும் இணையதளம் தனக்கென்று 3 முதல் 5 சதவீதம் வரை கேட்பதால் வரும் கூடுதல் அது.

விற்கிறவர் பக்கத்துக் கமிஷன் நிற்கவும் இல்லை. அதைக் கூட்டாக நிர்ணயித்தார்கள் என்றுதான் இந்த இரண்டு கம்பெனிகள் மேலும் அமெரிக்காவில் வழக்கு வந்தது. வாடிக்கையாளர்களுக்கு 51 கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடித்தார்கள். சாதபீஸின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் டாப்மன் சிறைக்கே போனார்.

டீ வந்தது. கடைக்காரரிடம் ஒரு துண்டுக் காகிதம் கேட்டு வாங்கி, எழுத ஆரம்பித்தேன்.

பெட்டி 400 டாலருக்குப் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏலம் கூறுகிறவர் மூன்று தரம் சொல்லி சுத்தியலைத் தட்டினார். அங்கே அவர் தட்டிய விலை 400. அதன் மேல் 25 சதவீதம் 100 டாலர். இணையத்துக்கு 5 சதவீதம் 20 டாலர். ஆக 520. ரூபாயில் 44,200. கடன் அட்டையில் கட்டினால், வெளிநாட்டுப் பணத்துக்கு மாற்றிக் கொடுப்பதற்குப் பல வங்கிகள் 3.5 சதவீதம் பிடிக்கும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அது ஏறத்தாழ 1,800 ரூபாய். இன்னும் பெட்டி அமெரிக்காவில்தான் இருக்கிறது.

பல ஏலக் கம்பெனிகள் பொதி கட்டித் தராது. வேறு ஆளை வைத்துக் கட்ட வேண்டும். பூவைத் தனியாகக் கழற்றி, வாய் நசுங்காமல் தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். மோட்டார் கனம், தூக்கிப் போட்டால் உள்ளே ஆணி பெயர்ந்துவிடும். கட்டுக்கூலியும் விமானக் கூலியும் சேர்த்து 250 டாலர் என்று ஒரு பேச்சுக்குப் போட்டேன். 21,250 ரூபாய். அடுத்தது சுங்கம். அது பொருளின் விலை மேல் மட்டும் விழுவதில்லை. கூலியையும் காப்பீட்டையும் சேர்த்த மொத்தத்தின் மேல் விழும். வரிகள் எல்லாம் சேர்ந்து 30 சதவீதம் வந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தோம். 65,450-க்கு 30 சதவீதம், 19,635.

கூட்டிப் பார்த்தான். 86,900-க்குப் பக்கத்தில் வந்தது.

"முப்பத்தி நாலு இப்பிடி ஆயிடுச்சே!"

சுங்கத்துக்கும் கூலிக்கும் நான் போட்டது உத்தேசம். ஒன்று கூடும், ஒன்று குறையும். ஆனால் வரிசை இதுதான். இதில் இன்னொன்றும் இருக்கிறது. பயன்படுத்திய பழைய பொருள்களை நம் நாட்டுக்குள் கொண்டுவர பொதுவாக முன் அனுமதி வேண்டும் என்று வெளிநாட்டு வணிக விதி சொல்கிறது. பணத்தைக் கட்டிவிட்டு விமான நிலையத்துக் கிடங்கில் பெட்டியை மாட்டவிட்டால், நாள் வாடகையும் ஏறும். ஏலத்துக்கு முன்பே ஒரு சுங்க முகவரைக் கேட்டுவிடுவது நல்லது.

அவன் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அதனால் கணக்கைத் திருப்பிப் போட்டுக் காட்டினேன். எனக்குத் தெரிந்து ஏலத்தில் மனிதனைக் காப்பாற்றுவது இந்தத் திருப்பிப் போடும் கணக்கு ஒன்றுதான்.

கையில் இருப்பது 50,000 ரூபாய். ஏலம் சென்னையில், கமிஷன் 15 சதவீதம், கமிஷன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 100 ரூபாய்க்குக் கேட்டால் கட்ட வேண்டியது 117 ரூபாய் 70 காசு. பொருளுக்கே தனியாக வரி உண்டா என்பதையும் முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லை என்றே இங்கே வைத்திருக்கிறேன். பெட்டியை ஊருக்குக் கொண்டுவர 2,500 ஒதுக்கு. மீதி 47,500. அதை 1.177-ஆல் வகுத்தால் 40,357. எனவே 40,000 வரும் வரை கை தூக்கலாம். அதற்கு மேல் எதிரில் இருப்பவர் 41,000 என்றால் எழுந்து வந்துவிட வேண்டும். இந்த எண்ணை வீட்டிலேயே எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஏலக் கூடத்தில் 'இன்னும் ஆயிரம்தானே' என்று தோன்றும். அங்கே அந்த ஆயிரம் 1,177.

நம் ஊர்ப் பெண்களுக்கு இது புதிதில்லை. ஏலச்சீட்டில் தள்ளிக் கேட்கும்போது, கமிஷன் போக கைக்கு எவ்வளவு வரும் என்று மனக்கணக்கில் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். சீட்டு நடத்துகிறவருக்கு அதிகபட்சம் 5 சதவீதம் என்று 1982-ஆம் ஆண்டு சட்டம் வைத்திருந்தது, 2019-ல் அதை 7 ஆக்கினார்கள். பழம்பொருள் ஏலக் கமிஷனுக்கு அப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது. விதிமுறையில் அவர்கள் எழுதியதுதான். அதைப் படிக்காமல் கேட்டவருக்குப் பிறகு வாதாட இடமில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இருபது வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு ஏலத்துக்குப் போயிருந்தேன். ஒரு எச்எம்வி போர்ட்டபிள் பெட்டி 9,000-க்குப் படிந்தது. எண்ணிக்கொண்டு போன பணம் 9,500. பணம் கட்டும் ஜன்னலில் கமிஷனும் வரியும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் அதிகமாகக் கேட்டார்கள். சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது, நான் பார்க்கவில்லை. முன்பணமாகக் கட்டிய டேவணியை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில், கூட வந்த நண்பரிடம் கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் வந்தேன். அந்தப் பெட்டி இன்றும் வீட்டில் இருக்கிறது, பாடுகிறது.

"சரி சித்தப்பா, கமிஷன் உட்டுடு. பொட்டிக்கு விலைன்னு ஒண்ணு இருக்குமில்ல? அதை எப்பிடி முடிவு பண்றது?"

அதற்கு முதலில் பெயரைச் சரியாகப் பிடிக்க வேண்டும். 1877-ல் எடிசன் செய்தது போனோகிராப். முதலில் தகரத் தாள், பிறகு மெழுகு உருளை. ஒரு டம்ளர் அளவு உருளையின் மேல் முள் ஓடும். பத்து வருடம் கழித்து எமில் பெர்லினர் தட்டையான தட்டில் பாட்டைப் பதிந்தார், அது கிராமபோன். அமெரிக்காவில் இரண்டையும் போனோகிராப் என்றே சொல்லிவிடுவார்கள். ஏலப் பட்டியலில் தேடும்போது இந்த வித்தியாசம் முக்கியம். உருளைப் பெட்டியை எடுத்துவிட்டால், அதில் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டு பாடாது. உருளைக்கு நம் ஊரில் எங்கே போவது?

எடிசன் கம்பெனி 1899-ல் 'ஜெம்' என்ற சின்னப் பெட்டியை ஏழரை டாலருக்கு விற்றது. 'ஸ்டாண்டர்ட்' 20 டாலர். நடுத்தரக் குடும்பம் வாங்கட்டும் என்றே செய்தவை. ஏராளமாகச் செய்தார்கள், ஏராளமாக மிஞ்சியும் இருக்கின்றன. அதனால் நூறு வயது தாண்டியும் 'ஸ்டாண்டர்ட்' ஏலத்தில் சில நூறு டாலருக்கே போகிறது. அதே கம்பெனி 1911-ல் கொண்டுவந்த 'ஓபரா' பல ஆயிரம் டாலர் போகும். அதைக் குறைவாகத்தான் செய்தார்கள், மரவேலையும் மரப் பூவும் அவ்வளவு அழகு. ஆக வயதுக்கு விலை இல்லை. எத்தனை மிஞ்சியது, அதில் எத்தனை முழுசாக மிஞ்சியது என்பதற்குத்தான் விலை. ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் பிரேக்கர் என்ற ஏல நிறுவனம் இருக்கிறது. பழைய பாட்டுப் பெட்டிகளையும் இயந்திரங்களையும் விற்பதற்கே பெயர் பெற்றது. அதுபோன்ற இடங்களின் பழைய ஏல முடிவுகளைப் பார்த்தால் விலையின் போக்கு பிடிபடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். முடிவு விலையில் சில கம்பெனிகள் பிரீமியத்தைச் சேர்த்துப் போடும், சில சேர்க்காமல் போடும். சேர்த்துப் போட்ட 500-ஐ சேர்க்காத 500 என்று நினைத்துக் கேட்டால், 25 சதவீதம் தவறாகக் கேட்டதாக ஆகிவிடும்.

நம் நாட்டு ஏலங்களும் உண்டு. கொல்கத்தா ரஸ்ஸல் தெருவில் ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் 1940-லிருந்து இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்குப் பெயர் பெற்றது. சென்னையில் மர்ரே கம்பெனி பழைய பெயர். ஏலம் இல்லாமல் வாங்க காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சென்னை மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்து போனது, அதற்கு முன் பழைய தட்டுக்கும் பெட்டிக்கும் அங்கேதான் போவார்கள். கடையில் கமிஷன் கிடையாது, பேரம் உண்டு, முக்கியமாகச் சாவி கொடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். ஏலத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்குவதைவிட இது நூறு மடங்கு மேல் என்பது என் எண்ணம்.

இந்தப் பெட்டிகள் நமக்கு அந்நியமும் இல்லை. 1902-ல் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கொல்கத்தா வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தார். முதலில் தட்டுகளை ஜெர்மனியில் அச்சடித்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1908-ல் சியால்டாவில் ஆலை வந்தது. தட்டுக்குப் பசையான அரக்கு நம் நாட்டுக் காடுகளின் மரங்களில் விளைவதுதான். ஏ.வி. மெய்யப்பன் சினிமாவுக்கு வரும் முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து தட்டு வியாபாரம் செய்தவர். எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதிலேயே தட்டில் பாடிவிட்டார். எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் இளம் வயதில் இறந்துபோனார். அவர் குரல் இன்று நமக்குக் கிடைப்பது தட்டுகளால்தான். அந்தத் தட்டை அதற்கென்று செய்த பெட்டியில் கேட்க வேண்டும் என்று என் அண்ணன் மகன் ஆசைப்படுகிறானே, அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அதனால்தான் அவன் பணம் வேறு எங்கும் போகாமல் பெட்டிக்கே போய்ச் சேர வேண்டும் என்று பார்க்கிறேன்.

இரண்டாவது டீ சொன்னேன். இப்போது உறுத்தியதைச் சொல்லும் நேரம்.

"அந்தப் படத்தை மறுபடி எடு. பூவைப் பெரிசாக்கு."

பூ முழுக்கப் பித்தளை, மெல்லிய தகடு, கண்ணாடி போல் மெருகு. உண்மையான பழைய பெட்டிகளின் பூக்களில் பெரும்பாலானவை இரும்புத் தகடு, மேலே வண்ணம். கறுப்பு, சிவப்பு, பச்சை. உள்ளே சில சமயம் பொன் கோடு. நல்ல பெட்டிகளுக்கு மரப் பூ. பெட்டியைப் பார்த்தான். எட்டுப் பட்டை, கறுத்த சாயம், முன்பக்கம் பளிச்சென்று பித்தளைத் தகட்டில் நாய்ப் படம். லண்டன் எச்எம்வி பெட்டிகளில் அந்த நாய் பெரும்பாலும் மரத்தின் மேல் ஒட்டுப்படமாக, தேய்ந்து மங்கி இருக்கும். பூவின் கழுத்து வளைந்து பெட்டியில் சேரும் முழங்கையைப் பார்க்கச் சொன்னேன். தண்ணீர்க் குழாய் மாதிரி ஒட்டுப் போட்ட வளைவு. நல்ல பெட்டியில், முள்ளைப் பிடிக்கும் சவுண்டு பாக்ஸ் பக்கம் குறுகலாகத் தொடங்கும் கை, போகப் போக அகன்று பூவில் போய்ச் சேரும். இங்கே அந்த அகலம் எங்கேயும் இல்லை.

"அப்போ இது டூப்ளிகேட்டா?"

படத்தை மட்டும் வைத்து நூற்றுக்கு நூறு சொல்லக் கூடாது. ஆனால் இப்படிப்பட்ட பெட்டிகள் எங்கே செய்யப்படுகின்றன என்பது உலகத்துச் சேகரிப்பாளர்கள் எல்லாருக்கும் தெரியும். நம் நாட்டில்தான். மொராதாபாத் பித்தளை வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். பித்தளைப் பூ, புதுப் பெட்டி, நாய்த் தகடு எல்லாம் புதிதாகச் செய்து, உள்ளே பழைய மோட்டார் ஒன்றை வைத்துப் பூட்டுவார்கள். மும்பை சோர் பஜாரிலிருந்து கப்பல் ஏறிப் போய், வெளிநாட்டு வீடுகளில் பல வருடம் அலங்காரமாக நின்று, வீட்டுக்காரர் காலமான பிறகு அங்கே ஏலத்துக்கு வரும். ஏலக் கம்பெனி 'கிராமபோன், பித்தளை ஹாரன்' என்று மட்டும் எழுதும். பழையது என்று எழுதியிருக்காது. கவனித்துப் படித்தான், எழுதியிருக்கவில்லை.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. இங்கிருந்து போன பெட்டிக்கு 25 சதவீதம் பிரீமியம், 5 சதவீதம் இணையக் கட்டணம், விமானக் கூலி, சுங்கம் எல்லாம் கட்டி, திரும்ப ஜவ்வாது மலையடிவாரத்துக்கே கொண்டுவரப் பார்த்திருக்கிறான்.

இதில் என்னை வருத்துவது பணம் இல்லை. அந்தப் பழைய மோட்டார் எங்கிருந்து வருகிறது? எச்எம்வி போர்ட்டபிள் போன்ற, பாடிக்கொண்டிருந்த சின்னப் பெட்டிகளை உடைத்து எடுப்பதும் நடக்கிறது. பார்க்க எளிமையானவை, ரெக்சின் போர்த்த சூட்கேஸ் மாதிரி இருக்கும். பூ இல்லை என்பதால் யாரும் மதிப்பதில்லை. ஆனால் பாட்டு கேட்க அவைதான் அருமை. ஒரு பித்தளைப் பூ பளபளக்க ஒரு நல்ல பெட்டி செத்துப்போகிறது.

"எழுது," என்றேன். ஏலக் கம்பெனிக்கு ஒரு கேள்வி அனுப்பச் சொன்னேன். மோட்டார்ப் பலகையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா, சவுண்டு பாக்ஸின் முன்பக்கமும் பின்பக்கமும் தெரியும்படி படம் கிடைக்குமா, முழுச் சாவி கொடுத்தால் ஒரு தட்டு முடியும் வரை ஓடுகிறதா. நல்ல கம்பெனி பதில் சொல்லும். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். தட்டச்சு செய்து அனுப்பினான்.

எழுந்து வீட்டுக்கு நடக்கும்போது கேட்டான், "நம்ம ஊட்டுப் பொட்டிய நான் வெளிநாட்டு ஏலத்துல வித்தா?"

முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் இருக்கிறது. நூறு வருடத்துக்குக் குறையாத, பழங்காலத்து அறிவியலையும் கலையையும் கைவினையையும் காட்டும் பொருள் தொல்பொருள் ஆகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வயதில் சந்தேகம் என்றால், தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். நம் வீட்டுப் பெட்டி எச்எம்வி 102 மாடல். அந்த மாடல் 1931-ல் வந்தது. 2031 வரை அதில் எதற்கும் நூறு ஆகாது. அவனும் விற்பதற்காகக் கேட்கவில்லை, விலையைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

வீட்டில் மேசை மேல் பெட்டியை வைத்து மூடியைத் திறந்தேன். மூலையில் முள் வைக்கும் சின்னக் கிண்ணம் இருக்கிறது. முள் எஃகு. ஒரு பக்கம் பாடி முடித்ததும் முள்ளை மாற்ற வேண்டும், இல்லையென்றால் தேய்ந்த முனை தட்டின் வரியைச் சீவிவிடும். சவுண்டு பாக்ஸை அவன் கையில் கொடுத்தேன். 5ஏ என்று எண் போட்டது. பின்பக்கத்து உலோகத்தில் மயிரிழைக் கோடு ஒன்று ஓடுகிறது, நகத்தால் தடவினால் தெரியும். துத்தநாகக் கலவை. பல வருடம் ஆனால் தானே வீங்கி வெடிக்கும். ஏலத்தில் படத்தைக் கேட்பது இந்தக் கோட்டுக்காகத்தான். முள் பிடிக்கும் கை ஆடாமல் இருக்கிறதா, உள்ளே ரப்பர் வளையம் கல்லாகிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். ரப்பரை மாற்றிவிடலாம், வெடித்த உலோகத்தை மாற்ற முடியாது.

சாவி கொடுக்கச் சொன்னேன். நிதானமாகச் சுற்றினான். உள்ளே சுருள்வில் எங்கேயும் திடும் என்று குதிக்காமல் இறுகியது. குதித்தால் உள்ளே மசகு காய்ந்து, வில்லின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது என்று அர்த்தம். விலை பேசும்போது அதையும் கழிக்கலாம்.

ஒரு கிட்டப்பா தட்டை வைத்து, அதன் அடியில் விளிம்பில் துண்டுக் காகிதம் ஒன்றைச் செருகினேன். டீக்கடையில் கணக்குப் போட்ட அதே காகிதத்தின் ஓரத்தைக் கிழித்ததுதான். நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் 10 விநாடிக்கு 13. அவன் செல்போனில் கடிகாரத்தை எடுத்தான். முள்ளை இறக்கியதும் முதலில் சரசரப்பு வந்தது. காகிதம் ஒவ்வொரு முறை முன்னால் வரும்போதும் விரலை மடக்கினான்.

"பன்னெண்டு."

வேகம் மாற்றும் நெம்புகோலை ஒரு மயிரிழை நகர்த்தினேன். மறுபடி எண்ணினான். பாட்டு தொடங்கிவிட்டது, எண்ணிக்கையை விட்டுவிடுவானோ என்று பார்த்தேன். விடவில்லை.

"பதிமூணு, சித்தப்பா."